எளி, எலி, எல்லி

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

என் வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரிந்ததுதானே? எலெக்ட்ரானிக் சிட்டியில் அடுக்குமாடி வாசம். கவின் இரண்டாம் வகுப்பு, யாழினி எல்.கே.ஜி. இருவரையும் பொறுத்தவரை மீன் என்பது ஆப்பில் ஆர்டர் பண்ணினால் கழுவி, நறுக்கி, டப்பாவில் வரும் சமாச்சாரம். “மீனுக்குக் கண்ணு உண்டாம்மா?” என்று யாழினி ஒருநாள் கேட்டாள் பாருங்கள்... வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆனேக்கல் பக்கம் ஒரு தோட்டத்தில் குளம் இருக்கிறது, காசு கொடுத்தால் தூண்டில் தருவார்கள் என்று ஆபீஸ் தோழி சொன்னாள். வீட்டுக்காரருக்கு ஞாயிறும் ஆபீஸ் கால். நீச்சல் தெரியாத நான், இரண்டு வாண்டுகளை அழைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். என்ன தைரியம்!

குளத்தைப் பார்த்துக்கொள்பவர் மஞ்சண்ணா. நல்ல மனிதர். கன்னடம் மட்டும்தான் பேசுவார். எனக்கோ கன்னடம் ‘சொல்ப சொல்ப’, கொஞ்சம் கொஞ்சம்தான். ஆட்டோவுக்கும் காய்கறிக்கும் அது போதும். மீன்பிடிக்க?

கவின் வீசிய முதல் வீச்சில் என் துப்பட்டா மாட்டியது. அடுத்த வீச்சில் வேலி. புழுவைக் கோக்கக் கூடாது, பாவம் என்று யாழினி அழுதாள். சரி என்று மஞ்சண்ணா மாவு உருண்டை கொடுத்தார். அதில் பாதியை அவளே தின்றுவிட்டாள். மீதி நேரமெல்லாம் கொட்டகையில் படுத்திருந்த குண்டுப் பூனையின் பின்னால் ஓட்டம்.

பிடித்து இழுத்து வந்தேன். “தண்ணிகிட்ட அம்மா கைய விடவே கூடாது. ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்மா.”

கையைப் பிடித்துக்கொண்டு கரையோரம் நின்றோம். அப்போதுதான் தூண்டிலின் தக்கை ‘சடக்’கென்று தண்ணீருக்குள் போனது. பின்னாலிருந்து மஞ்சண்ணா தொண்டை கிழியக் கத்தினார் —

“எளி! எளி! எளி!”

எலியா? எங்கே?

நான் கரப்பான் பூச்சியைப் பார்த்தாலே ஊரைக் கூட்டுகிறவள். எலி என்றால் கேட்க வேண்டுமா? அடுத்து எனக்கு நினைவிருப்பது, பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் நான் நின்றுகொண்டிருந்ததுதான். கவின் தூண்டிலைத் தண்ணீரில் போட்டுவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டு அலறினான். தூண்டிலை மீன் இழுத்துக்கொண்டு போனது.

மஞ்சண்ணா ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார். முகம் மாறியது.

“பாப்பா எல்லி, மேடம்?”

“அதான் நானும் கேக்கறேன்... எங்க? எங்க எலி?”

“பாப்பா எல்லி?”

எல்லி. பஸ் கண்டக்டர்கள் தினமும் என்னிடம் கேட்கும் சொல். எல்லி என்றால் எங்கே. பாப்பா எங்கே என்று கேட்கிறார்!

என் கையைப் பார்த்தேன். காலி.

கரையோரத் தண்ணீரில் ஒரு ரோஸ் நிறச் செருப்பு மிதந்தது.

மஞ்சண்ணா சட்டையோடு குதித்தார். மார்பளவு தண்ணீரில் காலால் துழாவினார், முங்கினார், எழுந்தார், மறுபடி முங்கினார். பச்சைத் தண்ணீர். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நானும் இறங்கினேன். சேறு காலைப் பிடித்தது. குனிந்து இரண்டு கையாலும் தண்ணீருக்குள் துழாவினேன். உயிர் போவது என்று சும்மா சொல்கிறோமே, அது இதுதான் என்று அப்போது தெரிந்தது.

“அம்மா! எலி எங்க?”

பின்னால். மேட்டில். ஒற்றைச் செருப்போடு யாழினி. இரண்டு கையாலும் அந்தக் குண்டுப் பூனையை வயிற்றில் அணைத்துப் பிடித்திருந்தாள். பூனையின் பின்னங்கால்கள் தரையைத் தொட்டுத் தொட்டுத் தொங்கின.

“எலின்னு கத்தினாங்கல்ல... அதான் பூனையக் கூட்டிட்டு வந்தேன்.”

ஓடிப்போய் அப்படியே அவளைக் கட்டிக்கொண்டேன். நடுவில் சிக்கிய பூனை என் கையைக் கீறிவிட்டது. அதற்கு இப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சொட்டச் சொட்டக் கரையேறிய மஞ்சண்ணா, காற்றில் கயிறு இழுப்பதுபோல் இழுத்துக் காட்டினார். “எளி... எளி...” எளி என்றால் இழு. அவ்வளவுதான்! மீன் மாட்டிவிட்டது, இழு என்றிருக்கிறார் மனிதர்.

கன்னடமும் தமிழும் ஒரே ஜாடை. சாப்பாடு என்றால் ஊட்டா, வீடு என்றால் மனெ என்று ஒப்பேற்றிவிடலாம். பாதி புரிகிற தைரியத்திலேயே மீதியைக் கற்றுக்கொள்ளாமல் வருஷக்கணக்கில் இந்த ஊரில் காலம் தள்ளிவிடுகிறோம். என் ஆபீஸ் கண்ணாடிக் கதவிலும் இந்த ‘எளி’ கன்னடத்தில் ஒட்டியிருக்கிறதாம். தினமும் அதைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே போகிறேன்!

திரும்பி வரும்போது காரில், டோல்கேட் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து யாழினி மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா... நான் கைய விடல. நீதான் விட்ட.”