கதவுக்கு வெளியே ஒரு மாமியார்

பிரசவப் பிரிவில் மூத்த மருத்துவச்சி ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் கதவைச் சாத்திவிட்டு ஒரு கேள்வி கேட்பார்: "டாக்டர் எழுதித் தராதது என்னம்மா சாப்பிடுற?" யாரையும் திட்டமாட்டார். வாந்திக்குக் கொஞ்சம் இஞ்சியா, சரி. கால்வலிக்கு எண்ணெயா, நல்லாத் தேய். வயிற்றை அமுக்கிவிடுகிறார்களா, கூடவே கூடாது. புரியாத பொடி என்றால், "எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் தொடாதே" என்பார். தெரியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. "திட்டினா மருந்தை நிறுத்த மாட்டாளுங்க. சொல்றதைத்தான் நிறுத்துவாளுங்க."

இளைய மருத்துவச்சிக்கு இது பிடிக்காது. வேர், பட்டை என்று காதில் விழுந்தாலே "தூக்கிப் போடு" என்பாள். அதுவே அவளுக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

ஒரு காலை கர்ப்பிணிகள் உட்காரும் நாற்காலியில் மூத்தவரின் மருமகள் வந்து உட்கார்ந்தாள். எட்டாம் மாதம். சிறுநீர்ப் பரிசோதனையில் குறையில்லை. ஆனாலும் மாத்திரைக்கு இறங்காமல் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. இன்னும் ஏறினால் நாள் நிறையுமுன்பே பிள்ளையை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மூத்தவர் கதவைச் சாத்தி, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல அத்தை. நீங்க சமைக்கிறதைத்தான் சாப்பிடுறேன்."

"அப்ப என் சமையல்தான் ஏத்துதுங்கிற."

மருமகள் சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டாள். எத்தனையோ பெண்கள் எதையும் மறைக்காமல் பேசியது மூத்தவரின் இந்த முகத்தைப் பார்த்துத்தான். இவளுக்கு மட்டும் அது மாமியார் முகம். மூத்தவர் எழுந்துபோய் இளையவளைக் கூப்பிட்டு, தன் நாற்காலியைக் காட்டினார்.

"நீ கேளு. இன்னைக்கு ஒருநாள் மட்டும் தூக்கிப் போடுன்னு வாயைத் திறக்காதடி."

"வாயைத் திறக்காம எப்படிக்கா கேக்கறது?"

"கேக்க மட்டும் திற."

வெளியே வந்து கதவைச் சாத்தினார். பெஞ்சில் இடமிருந்தும் உட்காரவில்லை.

உள்ளே விஷயம் மெல்ல வந்தது. நெஞ்செரிச்சலுக்கு அதிமதுரம். மருமகளின் அம்மா கொடுத்தனுப்பியது. நாள் முழுக்க வாயில் ஒரு துண்டு. "அத்தைக்குத் தெரிஞ்சா எங்கம்மாவை என்ன நினைப்பாங்க?" என்று அழுதாள். அதிமதுரம் அளவு மீறினால் அழுத்தத்தை ஏற்றும். இளையவள் ஒரு சொல்லும் கடிந்து பேசாமல் நேரே டாக்டரிடம் போனாள்.

திரும்பி வந்தவளிடம் மூத்தவர் கேட்டது ஒன்றுதான். "டாக்டர்கிட்ட சொல்லியாச்சா?"

"ஆச்சு. என்னன்னு கேக்கலையேக்கா?"

"அது அவ உன்கிட்ட சொன்னது."

அறிவின் பெருமையைப் பேசும் நூல்கள் ஏராளம். அறியும் உரிமை கையில் இருந்தும் அதை இறக்கிவைத்துவிட்டு நிற்கும் வலிமையைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிதென்று தெரியும்.

அதிமதுரம் நின்றது. அழுத்தம் சிறிது சிறிதாக இறங்கியது. பேத்தி நாள் நிறைந்தே பிறந்தாள். பார்க்க வந்த சம்பந்தியம்மாள் தலை நிமிராமல் வாசலிலேயே தயங்கி நின்றார். மூத்தவர் ஏனென்று கேட்கவில்லை. குழந்தையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார்.