பாத்தியில் நட்ட மஞ்சள் துணி

உப்பு விளைய வெயில் வேண்டும், உப்பு வாருகிறவர்களுக்கு வெயில் ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நோட்டும் பேனாவுமாக நிற்கிற ஆளுக்கு சூப்பர்வைசர் என்று பெயர். மேலே ஆபீஸ், கீழே ஆட்கள், எதிரே உப்பு வாங்குகிறவர் என்று மூன்று பக்கமும் பதில் சொல்லிவிட்டு, நாலாவது பக்கம் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் உத்தியோகம். நீங்களும் எங்காவது சூப்பர்வைசராகவோ டீம் லீடராகவோ ஹெட் கிளார்க்காகவோ இருந்து, சாப்பாட்டு கேரியரைத் தனியாகத் திறந்தவர் என்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். இது நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.

சிவப்பு நாற்காலி

மரக்காணம் உப்பளத்தில் பதினோரு வருஷம் நானும் பலகை பிடித்து உப்பு வாரியவன்தான். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்குவோம். வெயில் ஏறுவதற்குள் வாரிக் கரையேற்றிவிட்டு, பத்து மணிக்குக் கீற்றுக் கொட்டகையில் வட்டமாக உட்காருவோம். சோறு அவரவருக்கு, ஆனால் தொட்டுக்கொள்ள எது கொண்டு வந்தாலும் நடுவில் இருக்கும் ஒரே தட்டில் கொட்டிவிட வேண்டும். வறுத்த கருவாடு, மாங்காய் ஊறுகாய், நேற்றைய குழம்பின் மிச்சம் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கும். அந்தத் தட்டின் ருசியை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

போன வருஷம் ஆபீஸ் என்னை சூப்பர்வைசர் ஆக்கியது. எங்கள் குழுவில் பத்தாவது பாஸ் செய்தவன் நான் ஒருவன்தான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சிமென்ட் ஷீட் போட்ட ஒரு அறையும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் கொடுத்தார்கள். முதல் நாள் பத்து மணிக்கு, வழக்கம்போல் கேரியரைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சோற்றுக் கையோடு எழுந்து நிற்கிறவர்களிடம் என்ன பேசுவது? உப்புக் கூடை சுமக்கும் அஞ்சலையக்கா என்னைப் பதினோரு வருஷமாக 'ஏம்பா' என்று கூப்பிட்டவர். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நீங்க போயி சேர்ல உக்காருங்க சார், நாங்க துன்னுட்டு வந்துடுறோம்."

மூன்று கட்டம்

ஒருநாள் சென்னையிலிருந்து மேனேஜர் ஒரு படிவம் அனுப்பினார். அதில் மூன்று கட்டம். தனிநபர் இலக்கு, குழுவின் இலக்கு, வாடிக்கையாளரின் இலக்கு. மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் கம்பெனி எங்கேயோ போய்விடும் என்று மேலே எழுதியிருந்தது. ஒவ்வொருவரையும் கேட்டு நிரப்பி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். எங்கள் இடத்தில் சிக்னல் கிடைப்பது உப்புக் குவியலின் உச்சியில் மட்டும்தான் என்பது மேனேஜருக்குத் தெரியாது.

கேட்டேன். அஞ்சலையக்காவின் இலக்கு பத்தரை பஸ்ஸை விடாமல் பிடிப்பது. என்னோடு ஜோடியாகப் பலகை பிடித்த தேசிங்கின் இலக்கு, கண் கூசாமல் இருக்க ஒரு கறுப்புக் கண்ணாடி. குழுவின் இலக்கு, மழைக்கு முன்னால் கடைசிப் பாத்தியை வாரிவிடுவது. சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். வாடிக்கையாளர் கட்டத்தையும் என் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தையும் காலியாக விட்டேன். 'பத்து மணி வட்டத்தில் ஒரு இடம்' என்று எழுதக் கூச்சமாக இருந்தது. உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், எனக்கு அப்போது வேறு ஆசையே கிடையாது. மறுநாள் குவியல் மேல் ஏறியபோது மேனேஜர் போன் செய்தார்: "எல்லாரோட ஆசையையும் எழுதி அனுப்பியிருக்கீங்க ஏழுமலை. நான் கேட்டது டார்கெட்."

பாய் கடித்த உப்பு

வாடிக்கையாளர் கட்டத்தை நிரப்ப நான் யாரையும் தேடிப் போகவில்லை. அவரே லாரியில் வந்து இறங்கினார். பெரிய முதலியார்சாவடியில் கருவாட்டு மண்டி வைத்திருக்கும் பாய். எங்கள் பாத்திகளின் உப்பில் பாதிக்கு மேல் அவருக்குத்தான் போகிறது. உப்பை அவர் கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு பரலை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். சத்தம் கேட்டால்தான் லாரியின் பின்கதவு திறக்கும்.

அன்றைக்குச் சத்தம் கேட்கவில்லை. லோடு எண்ணிக்கை கூடவேண்டும் என்று ஆபீஸ் அவசரப்படுத்த, நான் ஆட்களை அவசரப்படுத்த, அவர்கள் பஸ்ஸுக்கு அவசரப்பட, உப்பு முற்றுவதற்குள் சேற்றோடு சேர்த்து வாரியிருந்தோம். ஆக, மூன்று பேர் இலக்கும் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளியதில் பொடியாய்ப் போனது உப்புதான். பாய் கோபப்படவில்லை. துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இது உப்பு இல்ல தம்பி, மாவு. மீன் மேல போட்டா தண்ணியா ஓடிடும், கருவாடு நாறிப் பூடும். அடுத்த வாட்டியும் இப்டி இருந்தா நான் வேற அளத்துக்குப் போய்டுவேன், மனசுல வெச்சிக்காத."

டீம் டே

ஆட்களுக்குள் ஒற்றுமை வளர்ப்பதற்காக 'டீம் டே' கொண்டாடச் சொன்னது ஆபீஸ். கேக் வெட்டி, குழுவாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மேனேஜர் வீடியோவில் வருவார். அவருக்கு ஒழிவது பதினோரு மணிக்குத்தான். ஆட்களிடம் சொன்னேன், எல்லாரும் தலையாட்டினார்கள். அது சூப்பர்வைசருக்கு ஆட்டுகிற தலை என்பதை நான்தான் புரிந்துகொள்ளவில்லை. பத்தரை பஸ்ஸில் மொத்தக் குழுவும் ஏறிப்போய்விட்டது.

மேனேஜரும் வரவில்லை, வேறு மீட்டிங்காம். கேக்கின் கிரீம் வெயிலில் உருகி அட்டைப் பெட்டியின் மூலைக்கு வந்துவிட்டது. வீசுவதற்கு மனம் வராமல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு துண்டு தின்றேன். கொட்டகை அங்கிருந்து நூறு அடிதான். தினமும் சிரிப்புச் சத்தம் கேட்கும், என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் கேட்காது. பதினோரு மணிக்கு அந்தச் சத்தமும் இல்லை. லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, நிஜமான வருத்தத்தோடு கேட்டார்: "பொறந்தநாளா சார்? ஏன், ஊட்ல யாரும் வரலியா?"

தொடாத பாத்தி

பாயை விட்டால் அடுத்த பருவத்துக்கு இந்தப் பாத்திகளே நம் கையில் இருக்காது என்பது எனக்குத் தெரியும். பெரிய பரல் வேண்டுமென்றால் உப்பைக் கலைக்காமல் விட வேண்டும். நாலு நாளைக்கு ஒருமுறை வாருவதை நிறுத்தி, நாலு பாத்தியை மட்டும் பத்து நாள் விடுவது என்று முடிவு செய்தேன். முன்பு என்றால் இதைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பேசியிருப்பேன். இப்போது எங்கே போய்ப் பேசுவது? ஒரு குச்சியை நட்டு, கேரியர் சுற்றி வந்த பழைய மஞ்சள் துணியைக் கிழித்துக் கட்டி, "யாரும் தொடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் உப்பளத்தில் மஞ்சள் துணி கட்டிய பாத்தி என்றால் அது அம்மனுக்கு நேர்ந்துவிட்டது. பதினோரு வருஷம் பாத்தியில் நின்றவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். நாற்காலியில் உட்கார்ந்த எட்டு மாதத்தில் மறந்து போயிருந்தேன், அவ்வளவுதான். வரப்பில் கற்பூரம் எரிந்த கறையைப் பார்த்தபோதுகூட, மழை வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறார்கள் என்றே நினைத்தேன். பதினோராவது நாள் காலையில் பாயின் லாரி வந்து நின்றது. "எறங்குங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. தேசிங்கு பலகையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னான்: "சாமிக்கு வுட்டதுல எப்டி சார் பலகை வெக்கிறது? நேந்துக்கினவரு வேண்டுதல வாய்விட்டுச் சொன்னாதான் எறங்குவோம்."

வேண்டுதல்

அதுதான் முறை. நேர்ந்தவர் வாருகிறவர்களின் முன்னால் நின்று வேண்டுதலைச் சொல்ல வேண்டும். முதல் கூடை கோயிலுக்குப் போன பிறகு மிச்சத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். துணி கட்டியது என் மறதி என்று சொன்னால், பத்து நாள் கற்பூரம் கொளுத்தியவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது? பாயைப் பார்த்தேன். விஷயம் புரிந்ததும் அவர் லாரியிலிருந்து இறங்கி, "மொதல்ல சாமிக்கு எடுத்து வெச்சிடுங்க. அப்பால எனக்கு ஏத்துங்க, நான் நிக்கிறேன்" என்று வேப்ப மர நிழலுக்குப் போய்விட்டார். இனி நான்தான் பேச வேண்டும்.

தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்: "பத்து மணிக்கு உங்ககூட உக்காந்து சாப்புடணும்." தேசிங்கு திரும்பிக் கடல் பக்கம் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை; சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அஞ்சலையக்கா கூடையைத் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்: "இத்துக்குப் போயி ஆத்தாவ ஏன் சார் தொந்தரவு பண்ணீங்க? எங்களக் கேட்டிருக்கலாமே."

பத்து மணி

சாமி உப்பு என்பதால் யாரும் அன்றைக்கு அவசரப்படவில்லை. பஸ்ஸைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. சேற்றைத் தொடாமல், மேலாகப் பூப்பறிக்கிற பதத்தில் வாரினார்கள். முதல் கூடையை அஞ்சலையக்கா கோயிலுக்கென்று எடுத்து வைத்தார். பாய் ஒரு பரலைக் கடித்தார். வேப்ப மரத்தடியில் அவர் கடித்தது வரப்பில் நின்ற எனக்குக் கேட்டது. "மாஷா அல்லாஹ், இந்த உப்பு இருக்கிற வரைக்கும் நான் எங்கயும் போவல" என்று லாரியின் பின்கதவைத் தன் கையாலேயே திறந்துவிட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு தேசிங்கே வந்து என்னைக் கூப்பிட்டான். கேரியரை எடுத்துக்கொண்டு, கைகழுவிவிட்டுக் கொஞ்சம் வேகமாகவே நடந்தேன். கொட்டகைக்குள் வட்டம் இருந்தது. நடுவில் தட்டு இருந்தது. வட்டத்தில் எனக்கென்று இடமும் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில், நான் கைகழுவப் போன சமயம் பார்த்துத் தூக்கி வந்து துடைத்து வைத்த, என் சிவப்பு நாற்காலி இருந்தது. சூப்பர்வைசர் தரையில் உட்கார்ந்திருப்பதை ஆபீஸ்காரர்கள் பார்த்தால் எனக்குத்தான் கெட்ட பெயராம்; ராத்திரி எல்லாரும் போனில் பேசி முடிவு செய்தார்களாம். உட்கார்ந்து கேரியரைத் திறந்தேன். அஞ்சலையக்கா ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து, கையை உயரத் தூக்கி என் தட்டில் வைத்தார்: "சாப்புடுங்க சார். வேண்டினது கெடச்சிடுச்சி இல்ல?"

தனிநபர், குழு, வாடிக்கையாளர் என்று மூன்று இலக்கும் இப்போது ஒரே கோட்டில் வந்துவிட்டன. அந்தக் கோட்டுக்கு ஒன்றரை அடி மேலே உட்கார்ந்து நான் தினமும் சாப்பிடுகிறேன்.