நான் பதவியிறக்கிய ஜனாதிபதி

பத்திரிகை ஆபீசில் தந்தியைத் தமிழாக்குவது, பாதி கேட்ட வழக்குக்கு முழுத் தீர்ப்பு எழுதுவது போன்றது. உலகச் செய்தியைத் தமிழில் தந்து திட்டு வாங்கும் தோழர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஆறு மாதம் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். தேறினால்தான் வேலை நிலைக்கும். ஐந்தாம் மாதம் அமெரிக்கா குறுக்கே வந்தது.

பெரிய எழுத்து

தந்தியில் இரண்டே வரி: ஒரு மாநிலத்து முதற்கட்டத் தேர்தலில் ஜனாதிபதி தோல்வி, அவரை எதிர்த்தவருக்கு வெற்றி. நாமெல்லாம் பிரிட்டிஷ் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருப்பவர்கள். இந்த ஊரில் ஓட்டுச்சீட்டைக் கண்ணால் பார்த்தவர் யார்? தோற்றவர் பதவியில் எப்படி இருப்பார் என்று எண்ணி, ‘அமெரிக்க ஜனாதிபதி பதவி இழந்தார்’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சுக் கோக்கும் முனியாண்டி அண்ணன் இருப்பதிலேயே பெரிய எழுத்துகளை எடுத்தார்.

“ராஜா செத்தா போடுறதுக்குன்னு வச்சிருந்த எழுத்து தம்பி. பரவால்ல, இவருக்கும் போட்டுருவோம்.”

முதல் பக்கம்

மூன்றாம் நாள் தந்தியில், வேறொரு மாநிலத்தில் அதே ஜனாதிபதிக்கு வெற்றி. பதவி இழந்தவர் மறுபடி எப்படி ஜெயிப்பார்? பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டிய பிறகுதான் விளங்கியது: இது ஒரே கட்சிக்குள், வேட்பாளர் யார் என்று பார்க்கும் தேர்தல். எதிர்க்கட்சியோடு மோதும் பெரிய தேர்தல் ஆண்டுக் கடைசியில்தான்.

ஆபீசில் வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆனாலும் இரண்டு தந்திகளையும் ஆசிரியர் மேசையில் வைத்து, தப்பு என்னுடையது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முதல் பக்கத்துல திருத்தம் எழுது. செந்தூல் ரயில் பட்டறைக்காரனுக்கும் புரியணும். புரியலேன்னா, அடுத்த மாசம் நீ வேற வேலை பாத்துக்கலாம்.”

பிரிக்ஃபீல்ட்ஸ் சவரக் கடை

கோயில் நிர்வாகத் தேர்தலை உவமையாக வைத்துத் திருத்தம் எழுதினேன். இரண்டு அணி போட்டி. ஓர் அணியில் இப்போதைய தலைவரை அவருடைய ஆளே எதிர்க்கிறார். யாரை நிறுத்தலாம் என்று அந்த அணிக்காரர்களைத் தெருத்தெருவாகக் கேட்கிறார்கள். முதல் தெரு கைவிட்டதால் தலைவர் பதவி போய்விடாது.

மறுநாள் சவரத்துக்கு உட்கார்ந்தேன். பெஞ்சில் ஒருவர் என் திருத்தத்தை உரக்கப் படித்தார். என் கன்னத்தில் கத்தி நின்றது. கடைக்காரர் யோசித்தார்.

“அப்ப அந்த எதிர்க்கட்சிக்காரன் வாயே தெறக்கக் கூடாது லா. இவனுங்களே அடிச்சிக்கிட்டு அவன் வேலையப் பாதி முடிச்சிருவானுங்க.”

கிள்ளான் ஏஜெண்டு

எனக்குத் தோன்றாத கருத்து அது. ‘சவரக் கடை அன்பர் சொன்னது’ என்றே அடுத்த நாள் போட்டேன். அந்த வாரம் கிள்ளானில் எங்கள் பத்திரிகையை விற்கும் மளிகைக் கடைக்காரர் நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். ஜனாதிபதி பதவி போன கதையை ஊரெல்லாம் பரப்பியவர் அவர். என்னை வரச் சொன்னார்கள். போய் நின்றேன்.

“இந்தத் தம்பியா? தப்ப ஒத்துக்கிட்ட பேப்பர இப்பத்தான் பாக்குறேன். அடுத்த மாநிலம் என்னாச்சுன்னு தினம் வந்து கேக்குறானுங்க, நான் யாரக் கேக்குறது? இவர வேலையில வச்சுக்குங்க ஐயா” என்றார். ஆசிரியர் தலை நிமிரவில்லை.

“வச்சாச்சு. உட்காருங்க.”

அமெரிக்காவில் யாருக்கு வேலை நிரந்தரம் என்று தெரிய இன்னும் பல மாதம் இருக்கிறது; என் வேலை நிரந்தரம் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.