கேட்டருகே கொதித்த கார்

நேற்று ஜெலாப்பாங்கிலிருந்து பத்து காஜா பக்கம் ஒரு வேலையாகப் போனேன். வழியில் ஒரு தாமான், புதிதாக எழுந்த குடியிருப்பு. அதன் வாசலில் சிவப்பு விளக்கு. நின்ற கொஞ்ச நேரத்தில் வெல்லப்பாகு கருகுவதுபோல ஒரு வாசனை வந்தது. ஓடும்போது நடுவில் கிடந்த சூட்டு ஊசி மேலே ஏறிக்கொண்டிருந்தது. என் கார் பழையது. என்னைப்போல அதற்கும் நான்கு பேர் நடுவில் நின்றால் சூடு ஏறிவிடும்.

ரேடியேட்டர் கொதிக்கும் அந்த வாசனை வந்தால் எனக்கு சாம்பிராணி ஞாபகம்தான் வரும். உறுமிச் சத்தம் கேட்கும். ஏனென்றால் அந்த விளக்குக் கம்பம் நிற்கும் இடத்தில்தான் எங்கள் தோட்டத்தின் கேட் இருந்தது.

தோட்டம் கைமாறி, ரப்பர் பால்மரங்களை வெட்டி, லயத்து வீடுகளில் பாதி காலியாகியிருந்த சமயம் அது. மிச்சமிருந்தவர்களுக்கு மாரியம்மன் கோயில் ஒன்றுதான் பிடி. அந்த ஆத்தாள் கேட்டைத் தாண்டும்வரை, இடிக்கும் மண்வாரி உள்ளே வராது என்று வாங்கிய கம்பெனி சொல்லியிருந்தது. சாலையோரம் புதுக்கோயிலுக்கு நிலம் தருவதாகவும் பேச்சு. கோயில் தலைவர் பொன்னையா அண்ணன் எல்லோருக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார்.

ஆத்தாளை ஏற்ற லோரி வந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா விடவில்லை. பால் வெட்டியே பிள்ளைகளை வளர்த்தவர். குரல் எடுத்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம்வரை கேட்கும்.

"கோழி எருவு ஏத்துன லோரியிலயா ஆத்தாள ஏத்துவீங்க?"

அதனால் பொன்னையா அண்ணனின் பழைய காரில், பின்சீட்டில் பட்டு விரித்து, ஆத்தாளை உட்கார வைத்தோம். முன்னால் உறுமி. கார் நடையைவிட மெதுவாக ஊர்ந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று தேங்காய் உடைத்தார்கள். கேட்டுக்கு வந்தபோது புஸ்ஸென்று ஆவி கிளம்பி, கார் நின்றுவிட்டது.

உறுமியும் நின்றது.

"பாத்தீங்களா? ஆத்தாளுக்குப் போக இஷ்டமில்ல லா!" என்றார் அக்கா. பெண்கள் குலவையிட்டார்கள். சிலர் தரையில் விழுந்து கும்பிட்டார்கள்.

"இஷ்டமில்லனா டயர பஞ்சராக்கியிருக்கலாமே அக்கா, ரேடியேட்டர ஏன் கொதிக்க வைக்கணும்?" என்று ஒருவன் கேட்டான். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

நான் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பொன்னையா அண்ணன் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"டேய், நீ போமேன்தானே? ஒர்க்‌ஷாப்புல காரு ரிப்பேருதானே செய்யற? வந்து பாரு!"

பானட்டைத் தூக்கினேன். தண்ணீர்க் குப்பி நிறைந்திருந்தது, ஹோஸில் ஒழுகல் இல்லை. ஃபேன் மட்டும் அசையாமல் நின்றது. ஓடும் காருக்குக் காற்றே போதும். நின்றால் ஃபேன் சுற்ற வேண்டும். சூடு அறிந்து அதை ஓடவைக்கும் சுவிட்ச் ரோசாக், கெட்டுப்போயிருந்தது. அதன் இரண்டு வயர்களையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் தீர்ந்தது.

"தொடாதடா!" அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ நிக்கிறா. நிக்கட்டும்."

"ஃபேன் ஓடல அக்கா. சுவிட்ச் போச்சு."

"இத்தன நாளு ஓடுன சுவிட்சு இந்தக் கேட்டுக்கிட்ட வந்து ஏன்டா போவணும்?"

பதில் இருந்தது. சுவிட்ச் எப்போதோ போயிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் தெரியாது, நின்றால்தான் தெரியும். ஆனால் அவ்வளவு பேர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. கேட்டுக்கு வெளியே மண்வாரி காத்திருந்தது. காலையிலிருந்து அதன் எஞ்சினை யாரும் நிறுத்தவில்லை. அது கொதிக்கவே இல்லை.

"சீக்கிரம் லா!" என்றார் பொன்னையா அண்ணன்.

கம்பியை இணைத்தேன். ஃபேன் சுற்றியது. ஊசி இறங்கியதும் கார் கேட்டைத் தாண்டியது. ஆத்தாளின் பட்டு மறைவதற்குள் மண்வாரி உள்ளே திரும்பிவிட்டது.

சொன்ன நிலம் வரவில்லை. அங்கே கடைவீடுகள் எழுந்தன. ஆத்தாள் பெரிய வடிகாலின் ஓரத்தில், தகரக் கூரையின் கீழ் இருக்கிறாள். பொன்னையா அண்ணன் பாரிட் புந்தாரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கம்பெனிக்காரர்களை யாரும் திட்டி நான் கேட்டதில்லை. அவர்கள் முகமே யாருக்கும் தெரியாது. என் முகம் தெரியும். அஞ்சலை அக்கா ஜெலாப்பாங்கில் மகளின் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். சாகும்வரை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் மற்றவர்களிடம் சொல்வார்: "வாரான் பாரு, ஆத்தாள ஓட்டிவிட்ட போமேன்." எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டார்.

நேற்று விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். காரை ஓரங்கட்டிப் பானட்டைத் தூக்கினேன். அதே கோளாறு, ஃபேன் அசையாமல் நின்றது. கேட் இல்லை, லயம் இல்லை. இந்த இடத்தில் ஒரு கார் நின்றால் அதற்கு ஓர் அர்த்தம் சொல்ல ஆளும் இல்லை. கம்பியை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

தொடாதடா என்று யாரும் சொல்லவில்லை.