நாலு பேரின் சோறு

ஊர்காவற்றுறையில் கிளினிக் தராசில் ஏறி நின்றேன். முள் தொண்ணூற்றாறில் போய் நின்றது. செருப்பைக் கழற்றினேன், முள் அசையவில்லை. மூக்குக்கண்ணாடியையும் கழற்றினேன். இப்போது எண் தெரியவில்லை. அந்தளவில் ஒரு நிம்மதி.

நேர்ஸ் மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்து, தன் மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நாடியை எண்ணினா. என் கையை ஒருத்தர் அவ்வளவு நேரம் பிடித்திருந்தது கடைசியாக என் கலியாணத்தில். அதுவும் ஐயர் சொன்னபடியால். தொண்ணூற்றிரண்டு என்றா. நடந்து வந்த களைப்பாக்கும் என்றேன். அரை மணித்தியாலமாய் வாங்கிலில் குந்தியிருந்து கொட்டாவி விட்டது நீங்கள்தானே என்று கேட்டா. ஆள் சும்மா இருக்கும்போது இதயமும் ஆறுதலாக அடிக்கவேண்டுமாம். என்னுடையது நான் கதிரையில் சாய்ந்திருக்கத் தான் மட்டும் தோட்டம் கொத்திக்கொண்டிருக்கிறதாம். வீட்டில் ஒருத்தராவது உழைக்கட்டும் என்று விட்டிருந்தேன் என்றேன். அவ சிரிக்கவில்லை. பேனையை எடுத்து அடுத்த கேள்விக்குப் போனா.

"வீட்டில எத்தினை பேர், ஐயா?"

"நாலு பேர்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டுமென்று யோசித்துச் சொன்னதில்லை. வாயில் இருந்த எண் அதுதான். மனைவி, மகள், மகன், நான். மகன் பாரிசில். மகள் ரொறன்ரோவில். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஆறு மாதம் நின்றிட்டு வாறன் என்று போனவ என் மனைவி. அந்தப் பேத்திக்கு இப்போது பால்பல் விழுந்து முளைக்கிறது. வேலணையில் வீட்டைப் பார்த்துக்கொண்டு நான் இருக்கிறேன். வீடும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மனைவி போக முதல் எனக்குச் சோறு வைக்கப் பழக்கிவிட்டுத்தான் போனா. அரிசிக்கென்று வைத்திருக்கிற பால்ரின்னால் இரண்டு சுண்டு, ரின் நிறைய இரண்டு தரம், அளக்கவேண்டும். பானையின் நெளிவு மட்டும் தண்ணீர் விடவேண்டும். ஒருத்தனுக்கு எவ்வளவு போடுவது என்று அவ சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. ஆறு மாதத்துக்கு எதற்கு? அப்படியே நாள்தோறும் நாலு பேருக்கு வைத்தேன். சோற்றை எறிய மனம் வராது. அயலில் கொடுக்கலாமென்றால் இடப்பக்க வீட்டுக்காரர் லண்டனில், வலப்பக்கத்தார் நோர்வேயில். ஆகவே மத்தியானம் என் பங்கைச் சாப்பிடுவேன். பின்னேரம் மனைவியின் பங்கு. இரவு மகனின் பங்கு. விடியப் பழஞ்சோற்றில் தயிர் விட்டு, பச்சை மிளகாய் கடித்து மகளின் பங்கு. அவளுக்கு அது விருப்பம்.

நேர்ஸ் மிஸ் ஒரு நாளைய அரிசியைக் கேட்டு, நாலாலே பிரித்தா. அரைச் சுண்டு. எண்ணெய், சீனி, தேங்காய் எல்லாவற்றையும் பிரித்தா. கணக்கின்படி நான் குருவி மாதிரிச் சாப்பிடுகிறேன். குருவிக்கு எப்படித் தொண்ணூற்றாறு கிலோ வந்தது என்று அவவுக்கு விளங்கவில்லை. டொக்டருக்கும் விளங்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் பூட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு குறையுமில்லை. விடிய எழும்ப முதல், படுத்தபடியே நாடியை எண்ணி மிஸ் எழுதிக்கொண்டு வரச் சொன்னா. எண்ணினேன். வீட்டில் வேறு சத்தமில்லாதபடியால் அது சுலபம். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, எண்பத்தொன்பது. ஒரு நிமிஷம் முடிந்த பிறகும் சில நாட்களில் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறேன். எழும்பி ஆரோடு பேசப்போகிறேன்?

அடுத்த கிளினிக்குக்கு வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, சமையலைப் பற்றி அவவோடு கதைக்கவேண்டும் என்றா மிஸ். அன்றைக்கு என் மனைவி நயினாதீவுக் கோயிலுக்குப் போயிருந்தா. அதற்கடுத்த மாதம் அவவுக்குத் தடிமனும் இருமலும். மூன்றாம் மாதம் மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. இப்படியே போனால் டொக்டர் மருந்தைக் கூட்டப்போகிறார், அந்த மருந்து உங்கள் வருத்தத்துக்கில்லை, எங்களுக்கு விளங்காததுக்கு என்றா. சனிக்கிழமை ஸ்கூட்டியில் வேலணைப் பக்கம் வருவாவாம், குசினியில் வைத்தே அம்மாவோடு கதைப்பாவாம்.

சனிக்கிழமைக்குள் எங்கேயாவது ஒரு மனைவியை இரவல் வாங்கலாமோ என்றும் யோசித்தேன். எங்கள் ஊரில் அந்த வசதி இல்லை. கிளினிக் வாசல் மட்டும் போன நான் மிஸ்ஸிடம் திரும்பி வந்தேன்.

"மிஸ், வீட்டில நான் ஒருத்தன்தான்."

"அப்ப மற்ற மூண்டு பேரின்ர சோறு?"

"அதையும் நான்தான்."

வாங்கிலில் இருந்த அக்கா ஒருவர் வாய்விட்டுச் சிரித்தா. நானும் கூடச் சிரித்தேன். மிஸ் குனிந்திருந்தா. அவவும் சிரிக்கிறா என்றுதான் நினைத்தேன். பழைய தாளில் நாலை வெட்டி, பக்கத்தில் ஒன்று போட்டுக்கொண்டிருந்தா. ஒரு கோடு கீற அவ்வளவு நேரம் எடுக்கத் தேவையில்லை. பிறகு நிமிர்ந்து, சின்னப் பானை ஒன்று வாங்குங்கோ, அதுதான் உங்களுக்கு மருந்து என்றா. மத்தியானம் அரைச் சுண்டு, சாப்பாட்டுக் கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், மீனைப் பொரிக்காமல் குழம்பில். இரவில் கொஞ்சம் குரக்கன் புட்டு. பின்னேரம் நடை. பட்டினி மட்டும் கிடக்கக்கூடாது. மாதம் இரண்டு கிலோ போதும், அவசரப்பட்டுக் குறைத்தால் போனதெல்லாம் கெதியாகத் திரும்பி வந்துவிடுமாம். போனது கெதியாகத் திரும்பி வருகிற வழக்கம் கொழுப்புக்கு மட்டும்தான் போலும்.

கீரை வாங்கினேன், நடந்தேன். பானை மட்டும் வாங்கவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. பெரிய பானையில் அரைச் சுண்டைப் போட்டால் தண்ணீர் எதுவரை என்று தெரியவில்லை. ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் கரி. மூன்றாம் நாள் பழையபடி இரண்டு சுண்டு. பானை யாழ்ப்பாணத்தில் பத்துக் கடையில் கிடக்கிறது, எனக்கும் தெரியும். வாங்கினால், அவர்கள் இனி வரமாட்டார்கள் என்று நானே கையெழுத்து வைத்தமாதிரி. அதுதான் ஏலாமலிருந்தது.

ஒரு விடியல் படுத்தபடி எண்ணினேன். தொண்ணூற்றாறு. தராசிலும் அதே எண், நாடியிலும் அதே எண். ஒற்றுமை நல்லதுதான், ஆனால் இந்த இடத்தில் இல்லை. எழும்பிச் சாரத்தைக் கட்டவே மூச்சு வாங்கியது. பயந்துபோய் யாழ்ப்பாணத்துக்கு முதல் பஸ்ஸில் ஏறினேன். கடைக்காரர் சின்னப் பானையைத் துடைத்தபடி, பேத்தி விளையாடவோ அண்ணை என்று கேட்டார். ஓம், அவள் நல்லாச் சமைப்பாள் என்றேன்.

சின்னப் பானை வேலை செய்தது. ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது, விடியல் நாடி எழுபத்தாறுக்கு வந்தது. சேட்டுகள் அண்ணனிடம் இரவல் வாங்கியவை போலத் தொங்கின. மிஸ் முதல் தடவையாகச் சிரித்தா. ஒரு வில்லங்கம்தான். ஒருத்தனின் சோறு பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது, மிச்சப் பகல் அப்படியே கிடக்கிறது. சைக்கிளில் சாட்டிக்குப் போய்க் கடற்கரையில் நடப்பேன். பாய் விரித்துச் சாப்பிடுகிற குடும்பங்கள் தங்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் போனை நீட்டுவார்கள். ஒருத்தரும் விடுபடாமல் எடுப்பதில் நான் கெட்டிக்காரன். படத்தில் விடுபடுகிறவன் நான் ஒருத்தன்தான்.

மனைவியிடம் பானையைச் சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போது போனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வேன். ஒரு ஞாயிறு கீரை ஆய்ந்தபடி மறந்துபோய் அடுப்புப் பக்கம் வைத்துவிட்டேன். சுகம் விசாரித்துக்கொண்டிருந்தவ பாதியில் நிறுத்தினா.

"அது ஆரின்ர பானை?"

"என்ர."

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. அவ கண்ணை எடுக்காமல் பார்த்தா. லைன் விட்டுப்போய்விட்டதோ என்று போனைத் தட்டப் போனேன்.

"நெருப்பைக் குறையுங்கோ" என்றா. "சின்னப் பானை. கெதியா அடிப்பிடிக்கும்."

குறைத்தேன். சோறு வேகும் மட்டும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.