முட்டை அட்டையில் முப்பது சொல்

பண்ணைக் கேட்டைத் தாண்டி எருமப்பட்டிச் சாலையில் ஏறியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, போன் சார்ஜர். யாரும் கூப்பிடவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, தறிப்பட்டறை, லாரி ஷெட் என்று நான் பாதியில் விட்டு நடந்த இடங்கள் நிறைய. ஏழாம் வகுப்பையும் அப்படித்தான் விட்டேன். ஆனால் அவற்றையெல்லாம் விட்டது சலிப்பினால். இந்தக் கோழிப்பண்ணையிலிருந்து என்னை அனுப்பிவிட்டார்கள். ஒரு அக்காவுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததுதான் குற்றம்.

அந்த அக்கா முட்டை பிரிக்கும் அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிறந்த வீட்டில் இரண்டு அண்ணன்கள், அப்பா விட்டுப்போன ஐந்து ஏக்கர் தோட்டம், அதில் ஒரு கிணறு. அப்பா உயில் ஏதும் எழுதி வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கொரு வழக்கம் உண்டு. கூடப்பிறந்த பெண்ணை நல்ல நாள் பார்த்துப் பத்திர ஆபீசுக்கு அழைப்பார்கள். ஒரு பட்டுப்புடவை கொடுப்பார்கள். அவர்கள் காட்டிய இடத்தில் அவள் விரலை வைத்துவிட்டு, விருந்து சாப்பிட்டுவிட்டு, தன் பங்கு போனது தெரியாமலே பஸ் ஏறுவாள்.

"பாகம் பிரிக்கப் போறோம், உனக்கும் ஒரு பாகம் உண்டுங்கறாங்க," என்றார் அக்கா ஒருநாள். "உண்டோ இல்லியோ, அந்தக் காயிதத்த நானே படிச்சுப் பாக்கோணும். உம்பட போன்ல எழுத்துச் சொல்லித் தருமாமே, தம்பி?"

சொல்லித் தரும், காசு கேட்காமல். எழுத்தின் மேல் விரலை ஓட்டி எழுதிப் பழகும் செயலி ஒன்றை இறக்கினேன். சொல்லைத் தொட்டால் ஒரு பெண் குரல் வாசித்துக் காட்டும் வசதி என் போனிலேயே இருந்தது. மதியச் சோற்றுக்குப் பிறகு அரை மணி நேரம் இதுதான் வேலை. இரண்டு மாதத்தில் அக்கா எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். ஆனால் செயலி சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தது. ஆப்பிள், ஒட்டகம், ஓநாய் என்று போய்க்கொண்டிருந்தது.

"ஒட்டகத்த வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்? எங்கண்ணன் என்ன ஒட்டகமா மேய்க்கிறான்?" என்று போனைத் தள்ளிவிட்டார்.

சரியான கேள்வி. அதனால் பாடத்தை மாற்றினேன். அக்கா ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரப்படுத்தியிருந்த, அப்பா நிலவரி கட்டிய பழைய கந்தாய ரசீதைக் கொண்டுவந்தார். சிக்னல் கிடைக்கும் கேட் பக்கம் போய், அதிலிருந்த சர்வே எண்ணை அரசாங்கத் தளத்தில் போட்டதும் பட்டா திரையில் வந்தது. அக்கா திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தார். கடைசி எழுத்து வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"எங்கப்பன் பேரு," என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காப் படிக்கட்டுமா?" என்றார்.

பத்திர மாதிரிகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றை இறக்கி, அதிலிருந்து முக்கியமான முப்பது சொற்களை எடுத்தேன். சொல் அட்டை செய்துதரும் தளம் ஒன்று இருக்கிறது. தெரிந்த சொல்லை ஒதுக்கிவிட்டு, தெரியாததையே மறுபடி மறுபடி காட்டும். ஆனால் தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் எங்கே? ஆகவே சொற்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, முப்பது குழி உள்ள முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டோம். படித்துவிட்ட சொல் நல்ல முட்டை, அடுத்த அட்டைக்குப் போகும். தடுமாறிய சொல் கீறல் முட்டை, தனியாக இருக்கும். அக்காவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பதினைந்து வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். சந்தேகம் வந்தால் எந்த முட்டையையும் அட்டையில் வைக்கமாட்டார்.

பாகம், உரிமை, பாத்தியம், நான்கெல்லை, கிணறு, வழித்தடம். ஒரு வாரம் கீறல் அட்டையிலேயே கிடந்த 'பாத்தியம்' கடைசியில் நல்ல அட்டைக்குப் போன அன்று எங்கள் அறைக்கே அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

நல்ல நாளும் வந்தது. அக்கா என்னையும் வரச்சொன்னார். பத்திரம் எழுதுபவரின் கடை தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். நான் வாசலில் நின்றேன். உள்ளே இரண்டு அண்ணன்களும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் பட்டுப்புடவைப் பை, பக்கத்தில் மை டப்பா. பெரிய அண்ணன் தாளைத் தள்ளினார்.

"வெரல வெய்யி சாமி, நேரமாச்சு."

"படிச்சுட்டு வெக்கறேன்."

சின்ன அண்ணன் சிரித்தார். "நீ படிக்கறயா? கோழிக எப்பப் புள்ள உனக்குப் பள்ளிக்கூடம் வெச்சுதுக?"

அக்கா தாளின் தலைப்பில் விரலை வைத்தார். வெகுநேரம் அது நகரவில்லை. அங்கே இருந்தது எங்கள் அட்டையில் இல்லாத சொல். வி, டு, த, லை என்று கூட்டி, "விடுதலைப் பத்திரம்" என்று படித்து முடித்து நிமிர்ந்தார். "இது பாகப்பிரிவினை இல்லீங்களே?"

"எல்லாம் ஒண்ணுதானுங்க," என்றார் பத்திரம் எழுதுபவர்.

விடுதலைப் பத்திரம் என்றால் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது. தவறு என்னுடையது. அவர்கள் பாகம் என்று சொன்னதை நம்பி வேறு பத்திரத்தின் சொற்களைக் கற்றுக்கொடுத்திருந்தேன். ஆனால் அக்கா தெரியாத சொல்லைக் கீறல் முட்டையாகத் தள்ளி வைத்துவிட்டு, தெரிந்த சொற்களைத் தேடிக் கீழே இறங்கினார். மூன்றாம் பக்கத்தில் கண்டுபிடித்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"எனக்கு... எந்தவித... உரிமையும்... பாத்தியமும்... இல்லை."

அக்கா தாளை மடிக்காமல் மேசையிலேயே வைத்தார். புடவைப் பையை அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

"எம்பட பாகம் எழுதிக் கொண்டாங்கண்ணா. அன்னிக்குப் போடறேன்."

"உம்பட மவ கல்யாணத்துக்கு மாமன் சீரு வராது, பாத்துக்க," என்றார் பெரியவர்.

"சீரு இல்லாமயும் தாலி ஏறுமுங்க," என்றார் அக்கா. எழுந்து வெளியே வந்துவிட்டார்.

பண்ணை முதலாளி அந்த அண்ணன்களுக்குப் பங்காளி முறை. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். அக்காவைக் கோழி எரு அள்ளும் பக்கம் மாற்றியாயிற்று என்றார். சொந்தக்காரப் பெண் என்பதால் வெளியே அனுப்ப முடியவில்லை போலும்.

"நீ சொன்னா அவ கேப்பா. கையெழுத்துப் போடச் சொல்லு. வேலை உனக்கு அப்படியே இருக்கும்."

"அவங்களுக்குப் படிக்கத்தான் சொல்லிக்குடுத்தேன். படிச்சத மறக்கறதுக்கு என்ற போன்ல ஒண்ணும் இல்லீங்க."

"எங்கூட்டுச் சமாச்சாரத்துல நுழைய நீ யாரு?"

"முட்டை பிரிக்கறவன்," என்றேன். அதோடு முடிந்தது.

எரு மேட்டில் அக்கா கூடையோடு நின்றிருந்தார். முட்டை அட்டைகளை ஒரு சாக்கில் சுற்றி வைத்திருந்தார்.

"விடுதலைங்கறதையும் எழுதிக் குழியில போட்டுட்டேன். இனி அது கீறல் இல்ல. நீ போயிட்டு வா கண்ணு. நானு போடமாட்டேன்."

நாமக்கல் வரை நடந்தும் ஒரு டெம்போவில் தொற்றியும் போனேன். அங்கிருந்து மோகனூர் பஸ். மறுநாள் காலை கரும்பு வெட்டும் கூட்டத்தில் ஆள் எடுத்தார்கள். மேஸ்திரி பதிவுத்தாளை நீட்டி, எதுவும் கேட்காமல் மை டப்பாவைத் திறந்தார். எனக்கு முன்னால் நின்றவர்கள் வரிசையாக விரலை வைத்துவிட்டுக் கரும்புக் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பேனா குடுங்க," என்றேன்.

"கரும்புக்காட்டுல பேனாவா? வெரல வெச்சுட்டுக் கத்திய எடு."

"வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் படிச்சுக்கிட்டு நிக்கறேன்."

எனக்குப் பின்னால் நின்ற பெண், "என்ன போட்டிருக்குதுங்க அதுல? சத்தமாப் படிங்களேன்," என்றார்.

முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். காட்டுக்குள் இறங்கியவர்களில் நாலைந்து பேர் திரும்பி வந்து நின்றார்கள். மேஸ்திரி வண்டியை எடுத்துக்கொண்டு பேனா வாங்கப் போனார். அவர் வந்ததும் என் பெயரை எழுதிவிட்டுக் கத்தியை எடுத்தேன்.