மாற்றி வைத்த புட்டி

மருந்து ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக மாத்திரைப் புட்டிகளுக்கு எண் ஒட்டி வந்தவள் அவள். இதய நோய்க்கான புது மருந்துச் சோதனையில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பட்டியலை வைத்திருந்த அவளுக்குத்தான் தெரியும்.

அந்தச் சோதனையில் சேர்ந்திருந்த தன் தங்கையின் எண் மாவு மாத்திரைப் பக்கம் இருந்ததைக் கண்டதும் அவளுக்குப் பகீரென்றது. கூடப் பிறந்தவளுக்கு மாவைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதா? ஓசைப்படாமல் மருந்துப் புட்டியை மாற்றி வைத்தாள்.

"அக்கா, இதப் போட்டதுல இருந்து நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது," என்றாள் தங்கை மூன்றாம் வாரம்.

"மருந்து வேலை செய்யுதுடி. பேசாம போடு."

ஐந்தாம் வாரம் தங்கை போய்ச் சேர்ந்தாள். மருந்து தின்றவர்களில் இன்னும் ஆறு பேர் செத்தார்கள். மாவு தின்றவர்கள் எல்லோரும் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல மருந்துன்னு நெனச்சேன் சார்," என்று தலைமை ஆய்வாளரிடம் உண்மையைச் சொல்லி அழுதாள்.

"அது தெரிஞ்சிருந்தா எதுக்கும்மா சோதனை?" என்றபடி அவர் தங்கையின் எண்ணைச் சிவப்பு மையால் அடித்தார். "புட்டி மாறிடுச்சுல்ல, இந்தச் சாவு முடிவுல சேராது."